55 இன்ச் டிவி: தம்பிக்கு கேம், அம்மாவுக்கு சீரியல். எதை வாங்குவது?

பெரம்பூர் மொட்டைமாடி:
வணக்கம். 11 வருடம் உழைத்த 32 இன்ச் டிவி போன வாரம் கண்ணை மூடிவிட்டது. ஹாலில் சோபாவுக்கும் சுவருக்கும் எட்டடி. சாயங்காலம் மேற்கு ஜன்னல் வெயில் நேராகத் திரையில் அடிக்கும். தம்பிக்கு பிளேஸ்டேஷன் 5. அப்பாவுக்கு விடிந்ததிலிருந்து செய்திச் சேனல். அம்மா சமையலறை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சீரியல் பார்ப்பார், அதாவது முழுக்கப் பக்கவாட்டில். பட்ஜெட் 60 ஆயிரம். தம்பி ஓஎல்இடிதான் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை) வேண்டும் என்று அடம். தி.நகர் கடை ஒன்றில் '120' ஸ்டிக்கர் ஒட்டிய ஒன்றை 45 ஆயிரம் என்றார்கள். அதை எடுக்கலாமா?

ரிச்சி தெரு ரசிகன்:
அந்த ஸ்டிக்கரை நம்பி ஏமாந்தவன் சொல்கிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டி, பிளேஸ்டேஷன் செட்டிங்ஸில் வீடியோ அவுட்புட் விவரத்தைப் பார்த்தால் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறைதான் படம் மாறும். கடைக்குப் போய்க் கேட்டால், "அது மோஷன் 120 சார், பேனல் வேற" என்றார், ஏதோ நான் பாடம் படிக்காமல் வந்தவன் மாதிரி. அசைவை மென்மையாக்கும் வித்தைக்கு வைத்த எண் அது. நீங்கள் கேட்க வேண்டியது பேனலின் நேட்டிவ் ரிஃப்ரெஷ் ரேட், அதாவது திரை நிஜமாகவே நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றும் என்பது. அப்புறம் எச்டிஎம்ஐ 2.1, பிளேஸ்டேஷன் கேபிளைச் செருகும் போர்ட்டின் புதிய வகை. பழைய 2.0 போர்ட்டில் 4கே (2160 வரி) படம் 60 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான். நல்ல டிவியிலும் நான்கு போர்ட்டில் இரண்டுதான் 2.1 ஆக இருக்கும். அதில் ஒன்றே சவுண்ட்பார் போகும் ஈஆர்க் போர்ட்டாகவும் இருக்கலாம். பின்பக்கம் எட்டிப் பாருங்கள்.

ஒன்று, தம்பி ஆடுவது பெரும்பாலும் கதை கேம் என்றால் பலவும் நொடிக்கு 30, 60 பிரேமில்தான் ஓடும். 120க்குக் கூடுதல் பணம் போடும் முன் அவனையே கேளுங்கள். கேம் மோடு மட்டும் கட்டாயம். அது இல்லாவிட்டால் பட்டனை அழுத்தி அரை மூச்சு கழித்துத்தான் ஆள் குதிப்பான்.

வேளச்சேரி அக்கா:
அப்பாவை மறந்துவிட்டீர்களே! நாள் முழுக்க ஒரே இடத்தில் சேனல் லோகோ, கீழே ஓடும் செய்திப் பட்டை. ஓஎல்இடியில் வருடக்கணக்கில் அப்படி ஓடினால் தடம் பதியும். உங்கள் வீட்டுக்கு வேண்டாம். வெயிலுக்கும் வெளிச்சம் கூடிய எல்இடிதான் தாங்கும்.

எல்இடியிலும் விஏ என்ற வகைப் பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், பக்கவாட்டில் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் என்ற வகை நேர்மாறு. கடையில் எதிரே நிற்காமல், அம்மா உட்காரும் கோணத்தில் போய் நின்று பாருங்கள். டெமோவில் ஓடும் மயிலையும் மீனையும் பார்த்து மயங்க வேண்டாம். சாதா கேபிள் சேனலைப் போடச் சொல்லுங்கள். 576 வரிப் படத்தை 2160 வரித் திரையில் இழுத்தால் எந்த டிவியும் கொஞ்சம் அழும். எது குறைவாக அழுகிறதோ அதை எடுங்கள்.

பெரம்பூர் மொட்டைமாடி:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. தம்பியைக் கேட்டேன். ஆடுவது கிரிக்கெட்டும் கால்பந்தும்தானாம், 120 எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. 60 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் பார்க்கப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். கடையில் உட்கார ஸ்டூல் கொடுப்பார்களா என்று இப்போதே கேட்கிறார்.