தேர்வான படம், திரும்பி வந்த படம்: வேலூர் உறுப்பினர்களின் அனுபவங்கள்

சத்துவாச்சாரி, ஓவிய ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

நம் ஓவியர் சங்கத்தின் உறுப்பினர் கண்காட்சிக்குப் படம் கொடுத்த எல்லோருக்கும் நடுவரோடு ஏதாவது ஓர் அனுபவம் இருக்கும். தேர்வானவர்கள் அதைச் சொல்லிக்கொள்கிறார்கள். படம் திரும்பியவர்கள் பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு பேசாமல் பஸ் ஏறிவிடுகிறார்கள். இரண்டையும் எழுதினால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உதவும். நானே தொடங்குகிறேன்.

புதியவர்களுக்காக முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். உறுப்பினராக இருப்பதாலேயே படம் சுவரில் ஏறிவிடாது. ஆளுக்கு மூன்று படம் வரை கொடுக்கலாம். சங்கத்தில் இல்லாத ஓவியர் ஒருவர் வெளியூரிலிருந்து நடுவராக வருவார். படத்துக்குப் பின்னால் எண் மட்டும் இருக்கும், கையெழுத்தின் மேல் காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். எது உள்ளே, எது வெளியே என்பது அவர் முடிவு. மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்தாலும் சங்கம் பிரியவில்லை. ராணிப்பேட்டைக்காரர்களும் ஆம்பூர்க்காரர்களும் இன்னும் நம்மோடுதான் படம் கொடுக்கிறார்கள்.

என் படம் கோட்டை. விடியும் நேரத்தில் அகழிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மதிலை வாட்டர்கலரில் வரைந்தது. கோடையில் வேலூரில் வாட்டர்கலர் செய்கிறவர்களுக்குத் தெரியும், வாஷ் (தண்ணீராகக் கரைத்த வண்ணம்) பூசிவிட்டு அடுத்த பிரஷ் எடுப்பதற்குள் காய்ந்து விளிம்பில் கோடு விழுந்துவிடும். பேப்பரை இரண்டு பக்கமும் நனைத்து, வெயில் ஏறுவதற்குள் வானத்தை முடித்தால்தான் உண்டு. அப்படி முடித்த படம். அது தேர்வாகவில்லை.

அந்த ஆண்டு நடுவராக வந்த அம்மா தேர்வு முடிந்ததும் கிளம்பவில்லை. "திரும்பப் போற படத்துக்காரங்க யாராவது இருந்தா வரச் சொல்லுங்க, பேசலாம்" என்றார். நான் போய் நின்றேன். "கல்லுக்கு என்ன போட்டீங்க சார்?" என்று கேட்டார். பெய்ன்ஸ் கிரே என்றேன், டியூபில் வரும் நீலம் ஓடிய சாம்பல் அது. "டியூப்ல இருந்து நேரா வர்ற சாம்பல் படம் முழுக்க ஒரே சாம்பலா நிக்குது. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்து பாருங்க. நீலத்தைக் கூட்டினா நிழல், சியன்னாவைக் கூட்டினா வெயில் பட்ட கல். ரெண்டுக்கும் நடுவுல எத்தனையோ சாம்பல் கிடைக்கும்" என்றார்.

விடியற்காலையில் அந்தக் கருங்கல் குளிர்ந்துதான் தெரியும், அந்தக் குளிர்ச்சிக்காகவே அப்படிப் போட்டேன் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனாலும் முடிவை மாற்றவில்லை. அப்புறம் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: "இந்த ஹாலுக்கு இன்னைக்கு நிறைய கோட்டை வந்திருக்கு சார். இதுல நீங்க மட்டும் பார்த்த கோட்டை எது?"

சாம்பல் விஷயத்தில் அவரோடு இன்றும் நான் முழுக்க ஒத்துப்போகவில்லை. கோட்டை விஷயத்தில் அவர் சொன்னது சரி. வேலூர் என்றால் மதில், அகழி என்று நம் கை தானாகப் போகிறது. அதே கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் யாளித் தூண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரைகிறவர்கள் எத்தனை பேர்? வள்ளிமலையில் பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. ஆம்பூர்ப் பக்கம் ஆர்மாமலைக் குகையில் எட்டாம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள் இருக்கின்றன. சித்தன்னவாசலோடு வைத்துப் பேசப்படுகிற ஓவியங்கள் அவை, சிதைந்து கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. ஓவியம் இந்த மண்ணுக்கு எங்கிருந்தோ வந்த பொருள் இல்லை. இதை என் மாணவர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

ராணிப்பேட்டை, போர்டு ஓவியர் எழுதியது:

மாஸ்டருக்கு வணக்கம். நான் கல்லூரியில் படம் படித்தவன் இல்லை. ஆற்காட்டில் ஒருவரிடம் பிரஷ் கழுவி, தகரத்துக்கு பிரைமர் அடித்து, அப்புறம் நூல் போட்டு எழுத்துக்கு வந்தவன். பிளெக்ஸ் வந்த பிறகு கடை போர்டு வேலை அப்படியே நின்றுபோனது. தேர்தல் சுவர், லாரிக்கு நம்பர், கோயிலில் உபயதாரர் பெயர் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நான் கொடுத்தது ஒரு தகரத் தகடு. சிவப்பு எனாமல் தரையில் ஒரே ஓர் எழுத்து, 'ழ', மஞ்சளில், தகடு முழுக்க. இது விளம்பர வேலை, கண்காட்சியில் வைக்க மாட்டார்கள் என்று நம் ஆட்களே சொன்னார்கள். நடுவராக வந்த பெரியவர் அதன் முன்னால் குனிந்து ரொம்ப நேரம் நின்றாராம். தேர்வாகிவிட்டது.

திறப்பு விழா அன்றைக்கு என்னைத் தேடி வந்து கேட்டார்: "இந்தக் கீழ் வளைவு ஒரே இழுப்பா?" ஆமாம் சார், எனாமலில் நடுவே நின்றால் ஒட்டு தெரியும், மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்துவிட வேண்டும் என்றேன். எந்த பிரஷ், தின்னர் எவ்வளவு, கைக்கு அண்டக் கொடுக்கிற குச்சியை எப்படிப் பிடிப்பீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடை முதலாளிகள் எழுத்து பெரிதாகத் தெரிகிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். என் இழுப்பைப் பார்த்தவர் அவர்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. பெயரில்லாமல் எண் மட்டும் போடும் வழக்கத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். 'போர்டு ஆர்டிஸ்ட்' என்று பின்னால் எழுதியிருந்தால் அதைப் படித்துவிட்டுத்தான் யாரும் படத்தைப் பார்த்திருப்பார்கள்.

கரிகிரி, மண்பாண்டக் கலைஞர் எழுதியது:

அண்ணா எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுத வேண்டும் என்று தோன்றியது. கரிகிரி மண்பாண்டத்துக்கு வட ஆற்காட்டில் பழைய பேர் உண்டு. ஆனால் சங்கத்தின் படிவத்தில் ஓவியம், சிற்பம், அச்சு என்று மூன்று கட்டம்தான் இருந்தது. ஜாடியை எதில் சேர்ப்பது? சிற்பம் என்று குறித்தேன். வாங்கி வைத்தவர் "இது கைவினைப் பொருள் ஆச்சேம்மா" என்றார். பெரிய பேச்சாகிவிட்டது.

நடுவரிடமே கேட்டார்கள். "பேரை நீங்க எதுல வேணும்னாலும் போட்டுக்குங்க, எனக்கு வடிவம் சரியா இருக்கான்னு பார்க்கணும்" என்றார். நான் கொடுத்தது இரண்டு. ஒன்று கறுப்பு ஜாடி, இன்னொன்று பச்சை மெருகு பூசியது. இரண்டையும் கையில் எடுத்து, கவிழ்த்து அடியைப் பார்த்து, விரல் முட்டியால் தட்டி ஓசை கேட்டார். நான் மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணைத் தொட்டுப் பழகியவர் என்று எடுத்த விதத்திலேயே தெரிந்தது.

பச்சை திரும்பிவிட்டது. மெருகு வழிந்து அடியில் தடித்து நிற்கிறது, அதனால் ஜாடியின் கால் கனத்துவிட்டது என்று சீட்டில் எழுதியிருந்தார். கறுப்பு உள்ளே. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அது என்ன பெயிண்ட் என்று கேட்டார்கள். பெயிண்டே கிடையாது. ஒரே மண்தான். சூளையில் காற்றோட்டம் இருந்தால் மண்ணில் உள்ள இரும்பு சிவப்பாகிறது. கடைசியில் வாயை அடைத்துப் புகையிலேயே வைத்துவிட்டால் அதுவே கறுப்பாகிறது. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. சந்தையில் விலையைத் தவிர வேறு எதையும் யாரும் கேட்பதில்லை.

அடுத்த முறை படிவத்தில் நாலாவது கட்டம் வந்துவிட்டது. அந்த நடுவருக்கும் செயற்குழுவுக்கும் நன்றி.

குடியாத்தம், கல்லூரி மாணவி எழுதியது:

என்னுடையது சின்ன அனுபவம்தான். ஒரு தாத்தாவின் முகத்தை சார்க்கோலில் செய்து கொடுத்தேன். இன்ஸ்டாகிராமில் பார்த்த போட்டோவிலிருந்து செய்தது என்று படிவத்தில் நேர்மையாக எழுதியிருந்தேன். நடுவர் படத்தைப் பாராட்டிவிட்டுத் தனியாக வைத்துவிட்டார். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி போட்டோவும் கலைப்படைப்புதான், எடுத்தவர் அனுமதி இல்லாமல் அதைப் பார்த்து அப்படியே வரைவதும் பிரதி எடுப்பதாகிவிடும் என்று விளக்கினார். "உங்க வீட்டுப் பக்கத்துல தாத்தா யாரும் இல்லையா? அவர்கிட்ட போய் உட்காருங்க" என்றார். எங்கள் தெருவில் தறியில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன். லுங்கி பாவு ஓடும்போது பேசக் கூடாதாம், மற்றபடி வரையலாம் என்று சொல்லிவிட்டார்.

காட்பாடி, கண்காட்சி வேலைகளைப் பார்ப்பவர் எழுதியது:

நான் படம் போடுவதில்லை, தூக்குகிறவன். தேர்வு நாளில் நடுவர் முன்னால் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் நிறுத்துவது என் வேலை. அதனால் படம் கொடுத்தவர்கள் பார்க்காத பக்கத்தை நான் பார்க்கிறேன்.

முதல் சுற்றில் யாரும் பேச மாட்டார்கள். எல்லாப் படமும் வரிசையாக நடுவர் கண் முன்னால் போகும், அவ்வளவுதான். இரண்டாவது சுற்றில் மூன்று அடுக்காகப் பிரிப்போம்: உள்ளே, வெளியே, இன்னொரு முறை பார்க்கலாம். சண்டை எல்லாம் அந்த மூன்றாவது அடுக்கில்தான். சுவர் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் படம். பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்த பலகைத் தடுப்பில் கறுப்புத் துணி அடித்து, படத்தின் நடு தரையிலிருந்து நாலே முக்கால் அடி உயரத்தில் வருகிற மாதிரி மாட்டுவோம். நின்று பார்க்கிறவரின் கண் அங்கேதான் விழும். ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டினால் இன்னும் நிறைய ஏற்றலாம், ஆனால் மேலே போன படத்தை யார் பார்ப்பார்கள்?

ஒரு வருடம் உள்ளங்கை அளவுக்கு ஒரு பென்சில் படம் வந்தது. பீடி சுற்றும் இரண்டு கைகள். முகம் இல்லை, முறம் இல்லை, கைகள் மட்டும். பெரிய பெரிய கேன்வாஸ்களுக்கு நடுவில் அது வெளியே அடுக்குக்குப் போய்விட்டது. சாப்பிட்டு வந்து உட்கார்ந்த நடுவர் வேறொரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று "காலையில ஒரு கை படம் தள்ளினோமே, அதை எடுத்துட்டு வாங்க" என்றார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். கட்டைவிரல் நகத்தின் ஓரம் தேய்ந்திருப்பதை வரைந்திருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நம் பக்கத்தில் பீடி சுற்றாத வீதி குறைவு, அந்த நகத்தைப் பார்க்காதவர்களும் குறைவு. "சாப்பிடும்போதும் இது மனசை விட்டுப் போகலை" என்றார் நடுவர். அது உள்ளே வந்தது.

இதனால்தான் வாட்ஸ்அப்பில் போட்டோ வாங்கித் தேர்வு செய்யலாம் என்ற யோசனையை நான் எதிர்க்கிறேன். போனில் எல்லாப் படமும் ஒரே அளவு. எனாமலின் பளபளப்பும் தெரியாது, பென்சிலின் அழுத்தமும் தெரியாது.

ஒரு கோரிக்கையும் உண்டு: ஃபிரேமுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கொக்கி போட்டுக் கம்பி கட்டிக் கொடுங்கள். சணல் கயிறு கட்டி வரும் படத்தை மாட்டவே பயமாக இருக்கிறது.

வாலாஜா உறுப்பினர் எழுதியது:

எல்லோரும் நல்ல நடுவர்களையே எழுதுகிறீர்கள். எனக்கு நேர்ந்தது வேறு. சம்பளத்தில் மிச்சம் பிடித்து மவுண்ட் போட்டு, கண்ணாடி போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த படம். மூன்றும் திரும்பின. ஏன் என்று ஒரு சொல் கிடையாது. நடுவர் ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். அந்த வருடம் முழுக்க நான் பிரஷ்ஷைத் தொடவில்லை.

1863-ல் பாரிஸில் அரசுக் கண்காட்சியின் தேர்வுக் குழு பெரும்பகுதிப் படங்களைத் தள்ளியபோது ஓவியர்கள் கொதித்துப்போனார்கள். பிரான்ஸின் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் தள்ளப்பட்ட படங்களுக்கென்றே தனிக் கண்காட்சிக்கு இடம் கொடுத்தார். பின்னாளில் பெரிய பேர் பெற்ற ஓவியர் மானேயின் படம் அதில்தான் இருந்தது. இன்று தள்ளிய குழுவை யாருக்கும் ஞாபகம் இல்லை. நாமும் திரும்பிய படங்களுக்கு ஒரு சுவர் ஒதுக்கலாமே? எது நல்லது என்று ஊர்க்காரர்களும் பார்த்துச் சொல்லட்டும்.

சத்துவாச்சாரி, ஓவிய ஆசிரியர் மறுபடி எழுதியது:

வாலாஜா தம்பி எழுதியது மனதை உறுத்துகிறது. அது நடந்திருக்கக் கூடாது. பிரஷ்ஷை விட்ட அந்த ஒரு வருடத்தை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

தனிச் சுவர் யோசனையில் எனக்குத் தயக்கம் உண்டு. பாரிஸில் தள்ளப்பட்ட படங்களைப் பார்க்க வந்த கூட்டத்தில் பெரும்பாலோர் சிரிக்கத்தான் வந்தார்கள். நம் ஊரில் அந்தச் சுவரில் தன் படம் தொங்குவதைச் சொந்தக்காரர்கள் பார்க்க வேண்டும் என்று எத்தனை பேர் விரும்புவார்கள்? எனக்கு வேண்டியது வேறு. உங்கள் அனுபவங்களைப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கரிகிரி அம்மாவின் பச்சை ஜாடியும் திரும்பியது, மாணவியின் படமும் திரும்பியது, என் கோட்டையும் திரும்பியது. நாங்கள் யாரும் வேலையை விடவில்லை, ஏனென்றால் எங்களுக்குக் காரணம் சொல்லப்பட்டது. தம்பிக்குச் சொல்லப்படவில்லை.

கைவினையா கலையா என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை உருவாக்கிய ஓவியர்கள் பாத்திக் துணி (மெழுகு வைத்துச் சாயம் ஏற்றிய துணி) மாதிரியான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுத்தான் அங்கே காலூன்றினார்கள். அவர்களுக்கு அது இழிவாகப் படவில்லை. ஜாடியை உள்ளே வைத்ததில் நாம் யாருக்கும் தயங்கிப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

வரும் செயற்குழுவில் இரண்டு கேட்கப்போகிறேன். நடுவரை அழைக்கும் கடிதத்திலேயே, தேர்வு முடிந்து ஒரு மணி நேரம் இருந்து உறுப்பினர்களோடு பேச வேண்டும் என்று எழுத வேண்டும். இரவு ரயிலுக்கு டிக்கெட் நாமே போடலாம். அன்று வர முடியாதவர்களின் படத்தோடு, பச்சை ஜாடிக்குக் கொடுத்த மாதிரி, காரணம் எழுதிய சீட்டு போக வேண்டும். ஒரு வரி போதும். காட்பாடித் தம்பி பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ள ஒத்துக்கொண்டிருக்கிறார்.

கல்லிலும் மரத்திலும் வேலை செய்கிறவர்கள் யாரும் இன்னும் எழுதவில்லை. உங்களுக்கு நடந்ததையும் கூட்டத்துக்கு முன்னால் எழுதுங்கள், அதையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.