சுங்கை சிப்புட்டில் ஞாயிறு காலை நடை: எல்லாரும் வரும்படி எப்படி வைப்பது?

லயத்துவாசி:
வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கோயில் நிர்வாகமும் தாமான் (வீடமைப்புப் பகுதி) குடியிருப்பாளர்களும் சேர்ந்து ஒரு ஞாயிறு காலை நடையும் மெதுவோட்டமும் வைக்கப் பேச்சு நடக்கிறது. 120 பேர் வரலாம். தாத்தா பாட்டிகள், சக்கர நாற்காலியில் 2 பேர், பார்வையில்லாத ஒருவர், தோட்டத்தில் வேலை பார்க்கும் இந்தோனேசிய, வங்காளதேச ஆட்கள் என எல்லாரையும் கூப்பிட எண்ணம். கையில் 1,500 வெள்ளி (ரிங்கிட்). 5 கிலோமீட்டர் தூரம், பாதி செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலை, மீதி டவுன் சாலை என்று ஒருவர் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறார். டீசட்டை, பதக்கம் வேண்டும் என்று ஒரு கட்சி. பொதுவாக எதில் கோட்டை விடுவார்கள்?

செம்மண்சாலை:
பாதையில்தான். டவுன் பக்கம் போனால் ஈப்போ - கோலகங்சார் கூட்டரசுச் சாலையைக் கடக்க வேண்டிவரும். 120 பேரை, அதிலும் வயதானவர்களை, அதைக் கடக்க வைக்கவே கூடாது. சாலைக்கு ஒரே பக்கத்தில் முடிகிற மாதிரி பாதையை மாற்றுங்கள்.

5 கி.மீ. நீளச் சுற்று வேண்டாம். 2 கி.மீ. போனதும் முட்டி வலிக்கிறவர் நடுத்தோட்டத்தில் நிற்பார், அவரை ஏற்றிவர வேன் தேட வேண்டும். 1 கி.மீ. சுற்று வையுங்கள். ஒருவர் ஒரு சுற்றோடு உட்காரலாம், இன்னொருவர் 5 சுற்று ஓடலாம். ஓடுகிறவரும் நடக்கிறவரும் திரும்பத் திரும்ப எதிர்ப்படுவார்கள், பேச்சு தானாக வரும். ஒரே தண்ணீர் மேசை, ஒரே முதலுதவி மேசை போதும். தொண்டர்களும் 10 பேருக்குள் அடங்குவார்கள்: ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒருவர், கடைசி ஆளோடு நடக்க இருவர், மீதிப்பேர் மேசைகளில்.

செம்மண்ணில் சக்கர நாற்காலியின் முன் சின்னச் சக்கரங்கள் புதையும். முதல் நாள் மழை பெய்திருந்தால் லாரித் தடத்தில் தள்ளவே முடியாது. அதற்காக அவர்களுக்கு மட்டும் தனிப்பாதை போடாதீர்கள், அது ஒதுக்கி வைப்பது போலத்தான். எல்லாருக்குமே தாமான் தார்ச்சாலையை வையுங்கள். வேகத்தடை, சாக்கடை மூடி, நடைபாதை விளிம்பு மூன்றையும் முன்கூட்டியே நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள். 15 செ.மீ. உயர விளிம்புக்குப் பலகைச் சரிவு போட்டால் அதன் நீளம் 1.8 மீட்டராவது வேண்டும் (1-க்கு 12 கணக்கு).

தோட்டத்துச் சாலைதான் வேண்டும் என்றால் மேனேஜருக்குக் கடிதம் கொடுத்து இரண்டு விஷயம் கேளுங்கள்: காலை 9 வரை குலை லாரியும் டிராக்டரும் அந்தப் பக்கம் வரக்கூடாது, முதல் நாளும் அன்றும் அந்த வரிசைகளில் களைக்கொல்லி அடிக்கக்கூடாது. பாலாய்க்கும் (போலீஸ் நிலையம்) நகராண்மைக் கழகத்துக்கும் ஒரு மாதம் முன்பே கடிதம் போகட்டும். லயத்து நாய்களை அன்று கட்டிவைக்கச் சொல்லுங்கள், ஓடுகிறவரைத்தான் அவை துரத்தும்.

தூரம் அளக்கக் கைப்பேசியை நம்ப வேண்டாம், செம்பனை ஓலைக்கடியில் ஜிபிஎஸ் தாவும். சைக்கிள் சக்கரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஆள் ஏறி உட்கார்ந்த நிலையில் 10 சுற்று உருட்டி நாடாவால் அளந்துகொள்ளுங்கள். ஒரு சுற்று 2.07 மீட்டர் வந்தால் 483 சுற்று 1 கி.மீ.

மருந்துப்பெட்டி:
உடல்நலப் பக்கம் நான் சொல்கிறேன். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). நம்மவர்களிடையே இன்னும் அதிகம். ஆகவே 120 பேரில் 20 பேராவது இருப்பார்கள் என்று வைத்தே ஏற்பாடு செய்யுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்குப் போவதுபோல வெறும் வயிற்றோடு வருவதுதான் பெரிய ஆபத்து. இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்ளசைட் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் எதையாவது சாப்பிட்டுவிட்டு வரவேண்டும் என்று நோட்டீசிலேயே எழுதுங்கள். மெட்பார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி அளவு அவ்வளவாக இறங்காது. நடுக்கம், வியர்வை, பேச்சுக் குழறல் தெரிந்தால் விரலில் குத்திச் சீனி அளவைப் பாருங்கள். 4.0 mmol/L-க்குக் கீழே இருந்தால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். சீனியில்லா பானம் இதற்கு உதவாது. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள். நெஞ்சு வலிக்கும் அதே எண்தான்.

இனிப்பு நீர்க்காரர்கள் சிலிப்பரோடு நடக்கக்கூடாது. கால் மரத்திருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. காலுறையோடு மூடிய காலணி போட்டு, முடிந்ததும் பாதத்தைப் பார்க்கட்டும்.

நேரம்: ஜனவரி, பிப்ரவரியில் இங்கே 7.20-க்கு மேல்தான் சூரியன் வரும். 7.30-க்குத் தொடங்கி 9-க்குள் முடியுங்கள். தண்ணீர் ஆளுக்கு 200 மி.லி. வீதம் இரண்டு முறை, மொத்தம் 48 லிட்டர். 20 லிட்டர் கலன் மூன்று வாங்குங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் தள்ளிவையுங்கள். இடி கேட்டால் உடனே எல்லாரையும் டேவானுக்குள் (மண்டபம்) கொண்டுபோங்கள்.

தே_ஓ_கோசோங்:
பதக்கக் கட்சிக்கு ஒரு வார்த்தை. 1,500 வெள்ளியில் டீசட்டை போட்டால் கூடாரத்துக்கும் பசியாறலுக்கும் காசு மிஞ்சாது. அளவு பொருந்தாத சட்டைகள் கோயில் ஸ்டோரில் கிடக்கும். பார்க்ரன் என்ற வாராந்திர ஓட்டம் 2004-இல் லண்டனில் 13 பேரோடு தொடங்கியது. பதக்கமில்லை, கட்டணமில்லை, 5 கி.மீ. மட்டும். 2018-இல் மலேசியாவுக்கும் வந்துவிட்டது. அந்தப் பெயரை நீங்களாகப் போட்டுக்கொள்ள முடியாது, முறைப்படி பதிய வேண்டும். ஆனால் கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு தொண்டர் நடக்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்ள யாரிடமும் கேட்க வேண்டாம்.

காசைப் பசியாறலில் போடுங்கள். சுண்டல், இட்லி, சீனியில்லாத தேநீர், நிழலில் நாற்காலி. நடையை விட அந்த அரை மணி நேரத்தில்தான் அக்கம்பக்கம் பழகும்.

வாட்சாப்பில் போட்டால் ஏற்கெனவே ஓடுகிறவர்கள்தான் வருவார்கள். பேனரில் "1 சுற்று போதும், சேலையோடும் வரலாம்" என்று மலாயிலும் தமிழிலும் பெரிதாக எழுதுங்கள். வங்காளதேச ஆட்களுக்கு மண்டோர் (தோட்டத்துக் கண்காணி) நேரில் சொல்லட்டும். பதிவில் ஐசி (அடையாள அட்டை), கடப்பிதழ் எண் கேட்காதீர்கள், பாதிப்பேர் திரும்பிவிடுவார்கள். பெயரும் அவசரத்துக்கு ஒரு தொலைபேசி எண்ணும் போதும்.

லயத்துவாசி:
நன்றி அண்ணே, நன்றி அக்கா. 1 கி.மீ. சுற்று என்றே வைத்துக்கொள்கிறோம். பார்வையில்லாதவருக்கு என்ன செய்வது? இரைச்சல் தாங்காத பிள்ளைகள் மூன்று பேரும் வருகிறார்கள்.

துணைக்கயிறு:
வழிகாட்டி ஒருவர், 40 - 50 செ.மீ. மென்மையான கயிறு, இரு முனையிலும் வளையம். எந்தப் பக்கம் துணை வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். தோளைப் பிடித்துத் தள்ளாதீர்கள். வழிகாட்டி "இன்னும் 5 எட்டில் மேடு, இடது திருப்பம்" என்று முன்னாலேயே சொல்ல வேண்டும், வந்தபிறகு சொல்லிப் பயனில்லை. முந்தின வாரம் இருவரும் அதே சுற்றை ஒருமுறை நடந்து பார்த்தால் நல்லது.

பிள்ளைகளுக்காக விசில், ஊதுகுழல், பட்டாசு எதுவும் வேண்டாம். கொடி அசைத்துத் தொடங்குங்கள், காது கேளாதவருக்கும் அதுவே வசதி. ஒலிபெருக்கியைப் பாதைக்கு எதிர்த் திசையில் திருப்பி வையுங்கள். டேவானில் ஒரு மூலையை அமைதியாக விடுங்கள்.

செம்மண்சாலை:
ஒன்று விட்டுப்போனது: ஆள் கணக்கு. எண் போட்ட அட்டையை ஆணிப் பலகையில் மாட்டி, கிளம்பும்போது ஆளுக்கு ஒன்று கொடுங்கள், வந்ததும் திரும்ப மாட்டுங்கள். காலியாக இருக்கும் ஆணிதான் இன்னும் வெளியே இருப்பவர். சொல்லாமல் நேரே வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் இருப்பார்கள், அதற்குத்தான் அந்தத் தொலைபேசி எண். கடைசி ஆணி நிறையும்வரை மேசையையும் பேனரையும் கழற்றாதீர்கள்.

லயத்துவாசி:
கோயிலில் செருப்புக்குக் கொடுக்கும் டோக்கன் பலகை இருக்கிறது. அது ஆகுமா?

செம்மண்சாலை:
ஆகும். 120 எண் இருக்கிறதா என்று மட்டும் எண்ணிப் பாருங்கள் தம்பி, பாதி டோக்கன் எப்போதும் தொலைந்துதான் இருக்கும்.