இம்போர்ட் கெய்ரோ என்றாலே 'அன்டிஃபைன்ட் சிம்பல்' பிழை. உதவுங்கள்

நண்பர்களே, நான்கு நாளாக இதிலேயே நிற்கிறேன். உபுண்டு 22.04, பைத்தான் 3.10. பாலங்களின் வளைவு வரைபடங்களைத் தமிழ்க் குறிப்புகளோடு பிடிஎஃப் ஆக்கும் நிரல் என்னுடையது. போன வியாழன் வரை ஒழுங்காக ஓடியது. அன்று கட்டமைப்புக் கணக்கீட்டு மென்பொருள் ஒன்றை நிறுவினேன். அன்று மாலையிலிருந்து பைகெய்ரோவை (படம் வரையும் கெய்ரோ லைப்ரரியைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் மாட்யூல்) இம்போர்ட் செய்தாலே இந்த வரிதான்:

லிப்ஃபான்ட்கான்ஃபிக்.எஸ்ஓ.1: அன்டிஃபைன்ட் சிம்பல்: எஃப்டி_டன்_எம்எம்_வார்

பிப் வழியாக பைகெய்ரோவை நீக்கி மறுபடி போட்டேன். ஆப்ட் மூலம் கெய்ரோ, ஃபான்ட்கான்ஃபிக் (எழுத்துருக்களைத் தேடித் தரும் லைப்ரரி) இரண்டையும் மறுநிறுவல் செய்தேன். பலனில்லை. அப்புறம் எல்டிடி (எந்த லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்று காட்டும் கட்டளை) ஓட்டிப் பார்த்ததில்தான் விஷயம் பிடிபட்டது. எழுத்துருக்களை வரைந்து தரும் லைப்ரரியான லிப்ஃப்ரீடைப்.எஸ்ஓ.6 சிஸ்டம் ஃபோல்டரிலிருந்து வரவில்லை, அந்த மென்பொருளின் ஃபோல்டரிலிருந்து வருகிறது. அது 2.8 பதிப்பு. பிழை வரியில் உள்ள எஃப்டி_டன்_எம்எம்_வார் ஃபங்ஷன் 2.9இல்தான் சேர்ந்தது. சிஸ்டத்தில் இருப்பதோ 2.11.

லைப்ரரிகளை முதலில் எந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்று சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத்தை அன்செட் செய்தால் கெய்ரோ உடனே வந்துவிடுகிறது. ஆனால் மென்பொருளின் பைத்தான் மாட்யூல் தன் மற்ற லைப்ரரிகளைக் காணாமல் நின்றுவிடுகிறது. எனக்கு இரண்டும் ஒரே நிரலில் வேண்டும். கணக்கு முடிந்த கையோடு படம் வரைய வேண்டும். வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும்.

மென்பொருளின் ஃபோல்டரில் உள்ள பழைய லிப்ஃப்ரீடைப் கோப்பை மட்டும் பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டு, சிஸ்டத்தின் 2.11ஐயே இரண்டுக்கும் பயன்படுத்தினால் அந்த மென்பொருள் பாதிக்கப்படுமா?