புது வெடிபொருள் மசோதா: அபராதம் ஏறினால் திருட்டு ஜெலட்டின் குச்சி குறையுமா?

கரிசல்காட்டான்:
சட்டத்தை மீறி வெடிமருந்து வைத்திருந்தால், விற்றால், வண்டியில் ஏற்றினால் இருக்கிற சட்டத்தில் அபராதம் எவ்வளவு தெரியுமா? 3,000 ரூபாய் வரை. தயாரித்தாலோ இறக்குமதி செய்தாலோ 5,000. சிறையும் உண்டு, இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று. ஆனால் நடுவில் ‘அல்லது’ என்று ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது, அபராதத்தோடு வீட்டுக்குப் போய்விடலாம்.

1884-ல் வெள்ளைக்காரன் போட்ட வெடிபொருள் சட்டத்துக்குப் பதிலாக மத்திய அரசு முன்வைத்த ‘வெடிபொருள் மசோதா 2024’ வரைவு இந்தத் தொகைகளை 50,000 என்றும் 1,00,000 என்றும் ஏற்றுகிறது. சிறைக்காலம் பழையபடியே. கூடவே இன்னொன்று: இன்ன காலத்துக்குள் இவ்வளவுதான் வைத்திருக்கலாம், விற்கலாம், கொண்டுபோகலாம் என்று உரிமத்திலேயே அளவு குறித்துவிடுவார்கள்.

என் கட்சி, இது எப்போதோ வந்திருக்க வேண்டியது. 2024 மே 1 அன்று காரியாபட்டி பக்கம் ஆவியூர் குவாரியில் வெடிமருந்து இறக்கும்போது மூன்று பேர் உடல் சிதறிச் செத்தார்கள். 3,000 ரூபாய்க்கு எவன் பயப்படுவான்? மறுக்கிறவர்கள் வரலாம்.

பாறைமணி:
வந்துவிட்டேன். கல்குவாரி குத்தகைக்காரன், 14 வருஷம்.

கலெக்டர் தடையில்லாச் சான்று, பெசோ (நாக்பூரில் இருக்கிற மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) உரிமம், வாங்குவதற்கு இண்டென்ட் என்ற கோரிக்கைப் படிவம், கொண்டுவர வெடிமருந்து வேன், அந்த வேனுக்கு ஒரு உரிமம், வெடி வைக்கச் சான்று பெற்ற ஆள், அப்புறம் மாசக் கணக்கு. இதில் ஒரு காகிதம் தேதி தாண்டினால் 50,000 எனக்கு. சரி. காட்டுப்பன்றியைக் கொல்ல வெடிமருந்தைத் தீனிக்குள் வைத்து அவுட்டுக்காய் உருட்டி வைக்கிறானே, யானை கடித்து வாய் கிழிந்து பட்டினியாய்ச் சாகிறதே, அவனிடம் எந்தக் காகிதம் இருக்கிறது? தோட்டா போட்டு மீன் அள்ளுகிறவன் எந்த நாக்பூருக்கு விண்ணப்பம் அனுப்பினான்? வேலி போட்டவனையே திரும்பத் திரும்ப அளக்கிறீர்கள்.

போதாததற்கு 2025 ஏப்ரல் 1 முதல் எலெக்ட்ரிக் டெட்டனேட்டருக்கே, அதாவது மருந்தை வெடிக்கவைக்கிற மின் கேப்புக்கே, தடை. இனி எலெக்ட்ரானிக் கேப் வாங்கு என்கிறார்கள். அது என்ன விலை என்று கரிசல்காட்டான் அண்ணன் ஒரு தடவை விசாரித்துப் பார்க்கட்டும்.

வாய்தா:
இரண்டு பேருக்கும் ஒரு திருத்தம் வைத்திருக்கிறேன்.

அண்ணே, அந்த 3,000 வெள்ளைக்காரன் போட்டதில்லை. 9பி என்ற பிரிவு 1978 திருத்தத்தில் நம்மவர்கள் சேர்த்தது. அன்றைக்கு 3,000 என்றால் ஒரு குடும்பமே கடனில் விழும். சட்டம் கெட்டுப்போகவில்லை, ரூபாய்தான் தேய்ந்தது. 50,000 என்று எழுதினாலும் இன்னொரு நாற்பது வருஷத்தில் இதே இழை ஓடும்.

மணி சார், உரிமமே இல்லாமல் வைத்திருப்பதும் அதே 9பி-யில்தான் வரும். உரிமம் எடுத்தவனுக்கு மட்டும் போட்ட பிரிவு என்று நினைக்காதீர்கள். அது போக 1908-ம் வருஷத்து வெடிப்பொருட்கள் சட்டம் தனியாக இருக்கிறது. உயிருக்கோ சொத்துக்கோ கேடு செய்ய வெடித்தால், சந்தேகப்படும்படி கையில் வைத்திருந்தால், அது பாயும். ஆயுள் தண்டனையும் வரலாம். இந்த மசோதா அதைத் தொடவில்லை. பெயர் ஒன்றுபோல இருப்பதால் டிவி விவாதத்தில்கூட இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

செம்பருத்தி:
எங்கள் வீட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு குவாரி. மத்தியானம் சங்கு ஊதினால் மாமியார் அலமாரிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்வார். சுவரில் இருக்கிற விரிசலுக்கு நாங்கள் வருஷாவருஷம் சிமென்ட் பூசுகிறோம். காகிதம் காகிதம் என்கிறீர்களே, அந்தக் குவாரியிலும் எல்லாக் காகிதமும் இருக்கிறது. மனு கொடுத்தால் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். ஒரு லட்சம் இல்லை, பத்து லட்சம் போட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

பாறைமணி:
தங்கச்சி, அதிர்வுக்கு அளவு இருக்கிறது. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997-லேயே சொல்லிவிட்டது. ஊர்க்காரர்களின் வீடு என்றால் அதிர்வெண்ணைப் பொறுத்துத் தரையதிர்வு நொடிக்கு 5 மில்லிமீட்டரிலிருந்து 15 வரைக்கும்தான். கருவி வைத்து அளக்கச் சொல்லி மனு கொடுங்கள். விரிசல் எல்லாமே வெடியால்தான் என்று சொல்லிவிட முடியாது, கரிசல் மண் தானாகவே வீட்டைப் பிளக்கும்.

செம்பருத்தி:
எங்கள் ஊர் செம்மண், அண்ணே.

மேட்_38:
ரொம்ப நாளாய்ப் படிக்க மட்டும் வருகிறவன். மைன்ஸ் மேட் (குவாரி வேலை மேற்பார்வையாளர்) சான்று வாங்கி 11 வருஷம், நாலு குவாரி பார்த்தாச்சு. ஊர் பேர் எதுவும் கேட்காதீர்கள்.

முதலில் கேப் விஷயம். மணி அண்ணன் விலையைச் சொல்கிறார், நியாயம்தான். ஆனால் அந்தக் கம்பியைக் கையில் பிடித்து நின்றவனுக்கு வேற கணக்கு. பழைய எலெக்ட்ரிக் கேப்புக்கு மின்சாரத்தை நாம் கொடுத்தால் என்ன, இடி மின்னல் கொடுத்தால் என்ன, எல்லாம் ஒன்றுதான். மேகம் கறுத்தால் குழியில் மருந்து இறக்கிக்கொண்டிருந்தவர்களை அப்படியே விரட்டிவிட்டு ஓடியிருக்கிறேன். எலெக்ட்ரானிக்கில் உள்ளே சிப் இருக்கிறது, அதற்குரிய பெட்டியிலிருந்து குறியீடு போனால்தான் வெடிக்கும். ஒவ்வொரு கேப்புக்கும் எண் உண்டு. எந்தக் குழி எத்தனை மில்லி செகண்ட் தள்ளி வெடிக்க வேண்டும் என்று குறிக்கலாம், அதிர்வும் குறையும். செம்பருத்தி அக்கா அந்தத் தடையை எதிர்க்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இப்போ நான் சொல்ல வந்தது. பாறை உடைக்கிற ஜெலட்டின் குச்சி வெளியே எப்படிப் போகிறது என்று யாருமே கேட்கவில்லையே. கொள்ளைக்காரன் கிடங்குப் பூட்டை உடைத்தா எடுத்துப் போகிறான்? காலையில் 40 குழிக்குக் கணக்குப் போட்டு மருந்து வரும். நாலு குழியில் தண்ணீர் ஊறியிருக்கும், இரண்டு குழி மண் சரிந்து மூடியிருக்கும். குச்சி மிஞ்சும், மிஞ்சாமல் இருக்காது. ஆனால் ரிஜிஸ்டரைப் பாருங்கள்: எடுத்தது எவ்வளவோ வெடித்தது அவ்வளவு, மீதி பூஜ்யம். ‘திருப்பி ஒப்படைத்தது’ என்று ஒரு பத்தி இருக்கிறது. 11 வருஷத்தில் அதில் எண் எழுதி நான் பார்த்தது கைவிரல் கணக்குக்குள் அடங்கும்.

ஏன் என்றால் சின்னக் குவாரியில் சொந்த மேகசின் (வெடிமருந்துக் கிடங்கு) கிடையாது. வேன் இறக்கிவிட்டு அடுத்த குவாரிக்குப் போய்விடும். மிஞ்சினதைத் திருப்பி எடுக்க அது சாயங்காலம் வராது. மருந்துக்கு உரிமம் இருக்கிறது, மிஞ்சின மருந்துக்கு வீடு இல்லை. கொட்டகை மூலையில் சாக்குக்கு அடியில் கிடக்கும். பிறகு கிணறு வெட்டுகிறவன் கேட்டால் போகும், எவன் கேட்டாலும் போகும். அவுட்டுக்காய்க்கும் அங்கிருந்தே போகலாம், யார் கண்டது?

கரிசல்காட்டான்:
தம்பி, நீங்கள் சொல்வது என் கட்சிக்குத்தான் பலம். அளவு குறிப்பது அதற்குத்தானே? குறைவாக வந்தால் குறைவாக மிஞ்சும்.

மேட்_38:
நேர் எதிர் அண்ணே. எனக்குத் தோன்றுகிறதைச் சொல்கிறேன், தப்பாகவும் இருக்கலாம். மூணு மாசத்துக்கு இவ்வளவு என்று குறித்துவிட்டால், திருப்பிக் கொடுக்கிறவனுக்கு அடுத்த தடவை அளவைக் குறைத்துவிடுவார்களோ என்று பயம் வரும். அந்தப் பத்தியில் கொஞ்சநஞ்சம் எண் எழுதுகிறவனும் நிறுத்திவிடுவான். அபராதம் 50,000 என்றால் பதுக்கினதை இன்னும் ஆழமாகப் புதைப்பான்.

2021 பிப்ரவரியில் கர்நாடகத்துச் சிக்கபள்ளாபூரில் என்ன நடந்தது? குவாரியில் போலீஸ் சோதனை நடந்தது. ஒளித்து வைத்திருந்த குச்சிகளை ராத்திரியோடு ராத்திரியாக அப்புறப்படுத்தப் போனார்கள். ஆறு பேர் போய்விட்டார்கள். பயம் குறையாமல்தான் இருந்தது, கொண்டுபோய்க் கொடுக்க ஒரு இடம்தான் இல்லை.

கரிசல்காட்டான்:
அதற்காகச் சோதனையே வேண்டாம் என்பீர்களா? 2015 செப்டம்பரில் மத்தியப் பிரதேசம் பேட்லாவாத்தில், கடைகளும் வீடுகளும் இருக்கிற இடத்தில் ஜெலட்டின் அடுக்கி வைத்திருந்தார்கள். 70 பேருக்கு மேல் செத்தார்கள். ஒரு அதிகாரி அந்தக் கதவைத் தட்டியிருந்தால்? பதுக்குகிறவன் பயந்து ஓடும்போது செத்தான் என்பதைச் சட்டத்தின் மேல் எழுதாதீர்கள், அவன் பதுக்கினதால் செத்தான்.

கிணற்றடி:
குவாரி பேச்சே ஓடுகிறது. நான் ஆறு ஏக்கர் விவசாயி. கிணறு 70 அடியில் பாறை. இன்னும் 10 அடி இறங்கினால்தான் தண்ணீர். முறைப்படி செய்யலாம் என்று உரிமம் உள்ள வெடிக்காரரைத் தேடினேன். இரண்டு பேர் ‘ஒரு கிணற்றுக்கு எல்லாம் வண்டி வராது’ என்றார்கள். மூன்றாவது ஆள் போனையே எடுக்கவில்லை. கம்ப்ரஸர் டிராக்டர்க்காரர் மட்டும், ‘பாறையில் தமர் (துளை) நான் போடுகிறேன், மருந்தும் நானே கொண்டுவருகிறேன், ரசீது கேட்காதீங்க’ என்றார்.

நான் என்ன செய்தேன் என்று சொல்லப்போவதில்லை. என்னை மாதிரி ஆளுக்கு நேர்வழி எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று மசோதாவில் எங்கேயாவது இருந்தால் காட்டுங்கள்.

வாய்தா:
இருக்காது. நடைமுறை எல்லாம் விதிகளில்தான் வரும். இப்போது ஓடுவது 2008 விதிகள். சட்டம் மாறினால் விதியும் புதிதாக எழுதியாக வேண்டும், கிணற்றடி அண்ணன் சண்டை போட வேண்டிய இடம் அது. மேட் தம்பி சொன்ன மிச்சக் குச்சி விஷயமும் அங்கேதான். அதே வேன் சாயங்காலம் வந்து மிச்சத்தை எடுத்துப்போக வேண்டும், அதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று கட்டாயமாக்க ஒரு வரி போதும்.

பாறைமணி:
நேற்று இந்த இழையைப் படித்துவிட்டுக் கோபத்தில்தான் ரிஜிஸ்டரை எடுத்தேன், மேட் தம்பிக்குப் பதில் சொல்லலாம் என்று. போன வருஷம் முழுக்கப் புரட்டினேன். அந்தப் பத்தியில் எல்லாப் பக்கத்திலும் கோடு போட்டிருக்கிறது. ஒரே பேனா, ஒரே கையெழுத்து. மழை பெய்து பாதியில் நிறுத்தின நாளுக்கும் கோடுதான். அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நான் அங்கேயே நின்றேன்.

செம்பருத்தி:
அன்றைக்கு மிஞ்சினது இப்போ எங்கே இருக்கு, அண்ணே?

வாய்தா:
மணி சார், வக்கீலாகச் சொல்கிறேன், இதற்கு இங்கே பதில் எழுதாதீர்கள். உள்பெட்டிக்கு வாருங்கள்.