பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் பிள்ளையின் பதற்றம் குறையுமா?

கேள்வி: 9 வயதுப் பையன், பிரிவுப் பதற்றம் (அம்மாவை விட்டுப் பிரியவே பயம்). அம்மா பக்கத்தில் படுத்தால்தான் தூங்குவான். சிகிச்சை அறைக்குள் வரவே மறுக்கிறான். பெற்றோரை மட்டும் வைத்து, பிள்ளையின் பயத்துக்கு விட்டுக்கொடுப்பதைக் குறைக்க அவர்களைப் பழக்கும் 'ஸ்பேஸ்' (SPACE) முறையில் தொடங்கலாமா?

பதில் 1: தாராளமாக. யேல் பல்கலைக்கழகத்தின் லெபோவிட்ஸ் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வில் 7 முதல் 14 வயதுள்ள 124 பிள்ளைகள். ஒரு பிரிவில் பிள்ளைக்கு சிபிடி (CBT, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை), இன்னொன்றில் பெற்றோருக்கு மட்டும் ஸ்பேஸ். பலனில் ஸ்பேஸ் பின்தங்கவில்லை. பெற்றோர் எங்கெல்லாம் பயத்துக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று ஒரு வாரம் குறிக்கச் சொல்லுங்கள். அதில் தினமும் நடக்கிற ஒன்றை மட்டும் எடுத்துக் குறையுங்கள். "பயமா இருக்குன்னு தெரியுது கண்ணா, உன்னால சமாளிக்க முடியும்" என்பதில் இரண்டு பாதியும் வேண்டும். முதல் பாதி மட்டும் போனால் பயம்தான் உறுதிப்படும்.

பதில் 2: மாற்றத்தை முந்தின நாளே, அவன் அமைதியாக இருக்கும்போது சொல்லிவிடுங்கள். முதலில் அழுகை கூடும். மூன்றாம் நாள் பாட்டி மனமிரங்கிப் பக்கத்தில் படுத்தால், இன்னும் சத்தமாக அழுதால் நடக்கும் என்றே கற்றுக்கொள்வான். பாட்டியையும் பயிற்சிக்கு உட்கார வையுங்கள், இது ரொம்ப முக்கியம்.

பதில் 3: பள்ளியே நின்றுபோகும் அளவுக்குப் போனால் குழந்தை மனநல மருத்துவரிடம் அனுப்பத் தயங்காதீர்கள். அமெரிக்காவில் 488 பேரிடம் நடந்த 2008 ஆய்வில், 12 வாரத்தில் நன்கு தேறியவர்கள்: சிபிடியும் செர்ட்ராலின் என்ற பதற்ற மருந்தும் சேர்ந்து 81%, சிபிடி மட்டும் 60%, மருந்து மட்டும் 55%, போலி மாத்திரை 24%.