'வலுவூட்டி' வேண்டாம், 'மருந்துக்கூர்ப்பி' சரிவருமா?

ஐயா, வணக்கம்.

மக்களுக்காக நம் கலைச்சொல் குழு தயாரிக்கும் மருந்துக் கையேட்டில், ஆன்டிபயாடிக்கோடு சேரும்போது அதன் திறனைக் கூட்டித்தரும் தாவரச் சேர்மத்துக்கு 'வலுவூட்டி' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் ஒரு ஃபார்மசியில் வேலை செய்கிறேன். எங்கள் கவுண்டரில் 'வலு' என்றால் உடம்புக்குத் தெம்பு தரும் டானிக்தான். கையேட்டைப் படித்தவர்கள் மறுநாளே அந்த டானிக்கைக் கேட்டு வந்துவிடுவார்கள்.

அப்புறம், அந்தச் சேர்மம் செய்யும் வேலையையும் பார்க்க வேண்டும். நிமோனியாவை உண்டாக்கக்கூடிய ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா, உள்ளே வந்த சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை நோர்-ஏ என்ற பம்பால் வெளியே இறைத்துவிடும். மருந்து நல்ல மருந்துதான். உள்ளே தங்கினால்தானே வேலை செய்யும்? மிளகிலும் திப்பிலியிலும் இருக்கிற பிப்பரினைச் சேர்த்தபோது, அந்தப் பாக்டீரியாவை அடக்கக் குறைந்த அளவு சிப்ரோஃப்ளாக்சசினே போதுமாக இருந்தது. 2006-இல் வந்த ஆய்வகச் சோதனை இது. நிமோனியாவை உண்டாக்கும் இன்னொரு பாக்டீரியாவான நிமோகாக்கஸிலும் இப்படி மருந்தை இறைக்கும் பம்பு உண்டு. சர்ப்பகந்தா மூலிகையில் இருக்கிற ரெசர்பின் என்ற சேர்மம் அதை முடக்கும். ஆனால் அதற்கு வேண்டிய அளவை மனித உடம்பு தாங்காது.

சாணைக்கல் எதையும் வெட்டுவதில்லை. மழுங்கிய கத்தியை வெட்டவைக்கிறது. இந்தச் சேர்மங்களும் தாமாகக் கிருமியைக் கொல்வதற்காகச் சேர்க்கப்படுபவை அல்ல. அதனால்தான் 'மருந்துக்கூர்ப்பி' என்று முன்வைக்கிறேன். இலங்கை உயிரியல் நூல்களில் 'கூர்ப்பு' என்றால் பரிணாமம். ஆகவே 'கூர்ப்பி' என்று தனியே விடாமல், எப்போதும் 'மருந்து' என்ற முன்சொல்லோடு எழுதுவோம். 'துணைக்கொல்லி' என்று குழுவில் ஒருவர் சொன்னார். கொல்லாத ஒன்றுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. 'மருந்தூக்கி' என்பதை நானே முதலில் குறித்து வைத்திருந்தேன். விளையாட்டுச் செய்திகளில் வரும் ஊக்கமருந்து நினைவுக்கு வந்ததும் அடித்துவிட்டேன்.

'அனுபானம்' என்ற சித்த மருத்துவச் சொல்லை விட மனமில்லாமல்தான் விடுகிறேன். தேன், இஞ்சிச் சாறு, வெந்நீர் என்று மருந்தோடு சேர்த்து உட்கொள்வதை அது குறிக்கும். நம் வீடுகளில் எல்லோருக்கும் பழகிய சொல். அதில்தான் எனக்குப் பயம். கையேட்டில் அதைப் பார்த்தால், மாத்திரையோடு திப்பிலிப் பொடியைக் குழைத்துச் சாப்பிடலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். பிப்பரின் பாக்டீரியாவின் பம்போடு நிற்பதில்லை; நம் உடம்பில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையும் தடுக்கும். வேறு மாத்திரை எடுப்பவருக்கு அந்த மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறிவிடலாம். ரசத்தில் போடும் மிளகைச் சொல்லவில்லை, பிரித்தெடுத்துச் செறிவாக்கியதைச் சொல்கிறேன்.

இன்னொன்று. 'கூட்டுவிளைவு' என்ற சொல்லை இரண்டு மருந்தும் தத்தம் பங்கைச் செய்யும்போது மட்டும் வைத்துக்கொள்வோம். சேர்ந்தபின் அதைத் தாண்டிப் போனால் 'மிகைவிளைவு'. கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான அளவு, தனியாகக் கொடுத்தபோது இருந்ததில் இரண்டுக்குமே கால்பங்காக இறங்கினால், அந்தப் பின்னங்களின் கூட்டுத்தொகை (0.25 + 0.25) 0.5. கூட்டுத்தொகை அந்த எண்ணாகவோ அதற்குக் கீழாகவோ இருந்தால்தான் மிகைவிளைவு என்று கணக்கு.

கையேட்டில் வரவேண்டிய வாக்கியம்: "பிப்பரின், சிப்ரோஃப்ளாக்சசினுக்கு ஒரு மருந்துக்கூர்ப்பி, இது ஆய்வகத்தில் கண்டது, வீட்டில் செய்து பார்க்க அல்ல." இதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள் ஐயா. நாக்கில் இடறினால் 'மருந்துக்கூராக்கி' என்று மாற்ற எனக்குச் சம்மதம்.