குளிர்ந்த கடலில் நீந்துகிறவர்களோடு பழகியவர்கள் இருக்கிறீர்களா? மும்பைத் தமிழர்களின் அனுபவங்கள்

செம்பூர் மாமா:

என் அக்கா பெண் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடக்கப் பயிற்சி எடுக்கிறாள். மூன்று வருஷமாக அவள் பின்னாலேயே துண்டும் ஃபிளாஸ்க்குமாக அலைந்துகொண்டிருக்கிறேன். நம் ஆட்களில் வேறு யாராவது இந்தக் குளிர்நீர் நீச்சலைப் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் சொல்லுங்கள், எனக்குக் கேட்க ஆசை. முதலில் என் கதை.

மும்பையில் இருந்துகொண்டு குளிரில் பயிற்சி எடுப்பதுதான் பெரிய பாடு. நம் கடல் ஜனவரியில்கூட வெதுவெதுப்பாகத்தான் கிடக்கும். அங்கே இங்கிலாந்தில் டோவர் பக்கம் நல்ல கோடையிலேயே தண்ணீர் 15 முதல் 18 டிகிரி. ரப்பர் உடை போடக்கூடாது. சாதாரண நீச்சல் உடை, ஒரு தொப்பி, கண்ணாடி, அவ்வளவுதான். நீந்தும்போது துணைக்கு வருகிற படகைத் தொட்டால் அத்தோடு முடிந்தது. சுமார் 34 கிலோமீட்டர் இப்படிப் போக வேண்டும்.

அதனால் மொட்டை மாடியில் 500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஒன்றை மேலே அறுத்து வைத்தோம். ட்ராம்பே பக்கம் மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் போடுகிற டெம்போக்காரர் ஒருவர் விடிகாலை நாலரைக்கு வந்து, கோணியில் சுற்றிய ஐஸ் கட்டிகளை லிப்ட் வாசலில் இறக்கிவிட்டுப் போவார். நானும் எங்கள் கட்டட வாட்ச்மேனும் சுத்தியலால் உடைத்து மேலே தூக்குவோம். 350 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியில் இருந்து 8க்கு இறக்க எண்பது கிலோ ஐஸ் வேண்டும், அதற்குக் குறைந்து நடக்காது. தெர்மாமீட்டரைச் சணலில் கட்டித் தொங்கவிட்டிருப்பேன்.

முதல் நாள் அவள் இறங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. முழங்கால் வரை பேசிக்கொண்டே இறங்கினாள். தண்ணீர் மார்பைத் தொட்டதும் "ஹக்" என்று ஒரு மூச்சு, அப்புறம் நாய்க்கு இரைப்பதுபோல் மேல்மூச்சு கீழ்மூச்சு. கண் என்னைப் பார்க்கிறது, வாயில் வார்த்தை இல்லை. தூக்கிவிடலாம் என்று கையை நீட்டினேன். பக்கத்தில் நின்ற அவளுடைய கோச், "இருங்க சார், ஒன்றரை நிமிஷம்" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சொன்ன மாதிரியே இரண்டு நிமிஷத்துக்குள் மூச்சு ஒரு தாளத்துக்கு வந்துவிட்டது. அந்த முதல் மூச்சுத் திணறல் யாருக்கும் வரும், அது அடங்குகிற வரை முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கவே கூடாது என்றார் அவர். திரும்பத் திரும்ப இறங்கினால் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடும். ஆறாவது நாள் அந்த "ஹக்" பாதியாகக் குறைந்ததை நானே என் காதால் கேட்டேன்.

இவளுக்கு இந்த வெறி பிடித்ததே லின் காக்ஸ் கதையைப் படித்துத்தான். அமெரிக்கப் பெண். 1972இல் பதினைந்து வயதில் இங்கிலீஷ் கால்வாயை 9 மணி 57 நிமிஷத்தில் கடந்தவர். 1987 ஆகஸ்ட் 7 அன்று அலாஸ்காவின் சின்ன டயோமீட் தீவில் இருந்து சோவியத் நாட்டுப் பெரிய டயோமீட் தீவுக்கு நீந்தினார். இரண்டுக்கும் நடுவே நாலரை கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் அது அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் எல்லை, பனிப்போர்க் காலம். அனுமதிக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தாராம், தண்ணீருக்குள் போன நேரமோ இரண்டு மணி சொச்சம்தான். தண்ணீர் 6, 7 டிகிரி. அந்த டிசம்பரில் வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது, கோர்பச்சேவ் இவரைக் குறிப்பிட்டுப் பாராட்டினார். 2002இல் அண்டார்டிகாவில் பூஜ்ஜியம் டிகிரித் தண்ணீரில் ஒரு மைலுக்கு மேல், 25 நிமிஷம். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சரி, டோவர் கதைக்கு வருகிறேன். கால்வாயில் இறங்குவதற்கு முன்னால் 16 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில் ஆறு மணி நேரம் நீந்திக் காட்ட வேண்டும். போன ஜூனில் துறைமுகத்துக்குள் முயன்றாள். தண்ணீர் 14. அரை மணிக்கு ஒருமுறை நான் முழங்காலளவு தண்ணீரில் நின்று வெதுவெதுப்பான மாவுச்சத்துக் கரைசலைக் கப்பில் நீட்டுவேன், நின்றவாக்கில் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவாள். குளிர் ஏற ஏறப் புத்தி மந்தமாகும், நீந்துகிற ஆளுக்கே அது தெரியாது, கரையில் நிற்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று கோச் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்காக நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒவ்வொரு கப்புக்கும் அவள் நம் மும்பை லோக்கல் ரயிலின் ஹார்பர் லைனில் அடுத்த ஸ்டேஷன் பெயரைச் சொல்ல வேண்டும். செம்பூரில் புறப்பட்டால் திலக் நகர், குர்லா, சுனாபட்டி என்று பன்னிரண்டாவது வி.டி. (இப்போது சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ், நாங்கள் இன்னும் வி.டி. என்றுதான் சொல்வோம்.) அரை மணிக்கு ஒன்று, ஆறு மணிக்குச் சரியாக வி.டி. இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தது அவள்தான்.

காட்டன் கிரீன் வரை டாண் டாணென்று சொன்னாள். நாலாவது மணியில் ரே ரோடு என்று சொல்ல வாய் குழறியது. கை விரல்கள் சேர்ந்து நிற்காமல் கோழிக்கால் மாதிரி விரிந்துகிடந்தன. ஒன்பதாவது கப். "எந்த ஸ்டேஷன் பாப்பா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் சிரித்துக்கொண்டே "வடாலா மாமா" என்றாள்.

வடாலா தாண்டி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. நான் வெளியே வரச் சொல்லிவிட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன், இன்னும் ஒன்றரை மணி நேரம்தானே" என்று அழுதாள், கத்தினாள். தோளைப் பிடித்து இழுத்துத்தான் வந்தேன். கரையில் வந்து பத்து நிமிஷம் கழித்து எடுத்த நடுக்கம் இருக்கிறதே, தண்ணீருக்குள் இருந்தபோதுகூட அப்படி நடுங்கவில்லை. பல் கிடுகிடுவென்று அடிக்கிறது, கப்பில் இருந்ததெல்லாம் மடியில் கொட்டுகிறது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எட்டாம் நாள் மறுபடி இறங்கினாள். டாக்யார்ட் ரோடு, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, மஸ்ஜித். கடைசிக் கப்பை வாங்காமலே "வி.டி." என்று கத்தினாள். துறைமுகத்துக் கூழாங்கல் கரையில் நின்றிருந்த யாருக்கும் அது என்னவென்று புரிந்திருக்காது.


மாட்டுங்காவாசி:

அருமை தம்பி. வடாலா இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன், என் வீட்டு ஜன்னலில் இருந்து அந்த லைன்தான் தெரியும்.

நான் கிழவன், பழைய கதைதான் சொல்வேன். மிஹிர் சென் 1958இல் இங்கிலீஷ் கால்வாயைக் கடந்தார், 14 மணி 45 நிமிஷம். இந்தியாவில் இருந்து முதல் ஆள். அடுத்த வருஷமே ஆரத்தி சாஹா, ஆசியப் பெண்களில் முதல். 1966இல் மிஹிர் சென் பாக் நீரிணை, ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய் என்று ஒரே வருஷத்தில் ஐந்தை முடித்தார். அதை முறியடித்தது யார் தெரியுமா? நம் ஈரோட்டுப் பையன் குற்றாலீஸ்வரன். 1994, ஒரே வருஷத்தில் ஆறு, அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயசு. அந்த வருஷம் எங்கள் தெருவில் நீச்சல் குளத்தில் பிள்ளையைச் சேர்க்காத தமிழ் வீடு குறைவு. பேப்பரில் வந்த அவன் படத்தை வெட்டி என் மகன் பீரோக் கதவில் ஒட்டினான், பசை காய்ந்து பழுப்பேறி இன்னும் இருக்கிறது.

அந்த மகன் பிற்பாடு தரம்தர் முதல் கேட்வே ஆஃப் இந்தியா வரை நீந்தினான், 36 கிலோமீட்டர். நம் கடல்தான், குளிர் என்று சொல்ல முடியாது, ஆனால் நள்ளிரவில் இறங்கினால் காற்றில் அதுவும் கடிக்கும். நான் படகில் டார்ச் பிடித்தேன். அவன் தொப்பியில் கட்டியிருந்த சின்னப் பச்சை விளக்கைத் தவிர வேறொன்றும் தெரியாது. அது ஏறும், இறங்கும், சில சமயம் அலைக்குப் பின்னால் மறைந்துவிடும். மறைந்த ஒவ்வொரு தடவையும் நான் முருகா என்றேன், படகுக்காரக் கோலி மீனவர் வேறு யாரையோ கூப்பிட்டார். விடிந்து தாஜ் ஹோட்டல் கோபுரம் கண்ணில் பட்டதும்தான் எனக்கு முதுகு நிமிர்ந்தது.

மும்பையில் பிறந்த பக்தி சர்மாவையும் சொல்ல வேண்டும். 2015 ஜனவரியில் அண்டார்டிகாவில் 1 டிகிரித் தண்ணீரில் 1.4 மைல். அவருக்குக் கோச் அவருடைய அம்மா. கரையில் இருந்து அந்த அம்மா எப்படிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று நினைக்கவே எனக்குத் தைரியம் இல்லை.


சயான் நர்ஸ்:

செம்பூர் அண்ணா, வெளியே வந்து பத்து நிமிஷம் கழித்து நடுக்கம் அதிகமானது என்று எழுதியிருக்கிறீர்களே, எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். குளிரில் கை கால் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும், உள்ளே இருக்கிற சூட்டை உடம்பு பொத்திப் பொத்தி வைத்துக்கொள்ளும். வெளியே வந்த பிறகும் மேல்தோலும் தசையும் ஜில்லென்றே இருப்பதால் உள்சூடு இன்னும் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே போகும். கரை ஏறியாச்சு, இனி பயமில்லை என்று நினைக்கிற நேரம்தான் ரொம்பக் கவனம் தேவைப்படுகிற நேரம். உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனாலே ஆபத்து ஆரம்பம். நடுக்கம் நல்லதுதான், உடம்பு போராடுகிறது. நடுக்கம் நின்றுபோய் ஆள் மந்தமாக இருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள்.

நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரிக்கு ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள். டிரம்மில் ஐஸ் போட்டுத் தனியாக இறங்கியிருக்கிறான். நேரம் போனதே தெரியவில்லை. எப்படியோ வெளியே வந்து விறைத்துக் கிடந்தவனை அவன் அறைத் தோழர்கள் நல்ல எண்ணத்தில் நேராகக் கொதிக்கக் கொதிக்க ஷவருக்குக் கீழே நிறுத்தியிருக்கிறார்கள். சுருங்கிய குழாய்கள் ஒரேயடியாக விரிந்தால் ரத்த அழுத்தம் விழும், அவனும் விழுந்தான். மண்டையில் ஏழு தையல். பிழைத்துக்கொண்டான். ஈரத் துணியைக் கழற்றுங்கள், துடையுங்கள், மேலிருந்து கீழாக உலர்ந்த துணிகளை அடுக்கடுக்காகப் போடுங்கள், உட்காரவையுங்கள், நன்றாக முழித்திருந்தால் இளஞ்சூடாக இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். கை காலைத் தேய்க்காதீர்கள், நம் வீடுகளில் முதலில் செய்வதே அதுதான். தனியாக மட்டும் இறங்கவே வேண்டாம்.

ஒருவர் கதை சொல்லிவிட்டுப் போகிறேன். ஐஸ்லாந்து, 1984 மார்ச். மீன்பிடிப் படகு கவிழ்ந்து ஐந்து பேரில் நாலு பேர் போய்விட்டார்கள். குட்லௌகுர் ஃப்ரித்தோர்சன் என்ற இருபத்திரண்டு வயது மீனவர் மட்டும் 5, 6 டிகிரிக் கடலில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நீந்திக் கரை சேர்ந்தார். கரை என்றால் கண்ணாடிச் சில்லு மாதிரி எரிமலைப் பாறை, அதில் வெறுங்காலோடு நடந்து ஊருக்குள் வந்தார். ஆராய்ச்சிக்காரர்கள் லண்டனுக்குக் கூட்டிப்போய்ச் சோதித்தபோது அவர் தோலுக்கடியில் இருந்த கொழுப்பு சாதாரண ஆட்களைவிட ரொம்பத் தடிமன், கிட்டத்தட்ட சீல் மாதிரி என்றார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது நாலு பேரை இழந்த பிறகும் அந்த இருட்டில் கையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தாரே, அது.


தாராவித் தம்பி:

மாமா, அந்த டெம்போக்காரர் நம்பர் எனக்குத் தனியாக அனுப்ப முடியுமா? எங்கள் குளத்தில் ஒரு பையன் நன்றாக நீந்துகிறான், வீட்டில் வசதி இல்லை. சயான் அக்கா சொன்னதையும் அச்செடுத்துக் குளத்துச் சுவரில் ஒட்டப்போகிறேன்.

இன்னொன்று கேட்கணும். கால்வாய் நீந்த ஆறு மணி போதாதே? வி.டி.க்கு அப்புறம் என்ன செய்வீர்கள்?


செம்பூர் மாமா:

நம்பர் அனுப்பிவிட்டேன் தம்பி. பையனைக் கூட்டிக்கொண்டு மாடிக்கே வந்துவிடு, தொட்டி சும்மாதான் கிடக்கிறது. வரும்போது ஒரு உலர்ந்த கம்பளி மட்டும் எடுத்து வா.

அவளுக்கு இந்த ஆகஸ்டில் நாள் கொடுத்திருக்கிறார்கள், காற்றும் நீரோட்டமும் விட்டால். மாட்டுங்கா ஐயா சொன்ன மிஹிர் சென்னின் நேரத்தையே கணக்கில் வைத்துக்கொண்டோம். 14 மணி 45 நிமிஷம் என்றால் இருபத்தொன்பது கப். வி.டி.யில் பன்னிரண்டு, அங்கிருந்து திரும்பி செம்பூர் வந்தால் இருபத்துநாலு. அப்புறம் கோவண்டி, மான்குர்த், பாலத்தைத் தாண்டி வாஷி, சான்பாடா, ஜூயிநகர். மொத்தத்தையும் பெரிய எழுத்தில் எழுதி லேமினேட் பண்ணி வைத்திருக்கிறேன், படகில் என் கழுத்தில்தான் தொங்கும். அதற்கு மேல் ஆனால் என்ன மாமா செய்வது என்று நேற்றுக் கேட்டாள். நேருல் இருக்கிறது, சீவுட்ஸ் இருக்கிறது, பன்வேல் வரைக்கும் லைன் இருக்கிறது பாப்பா என்றேன்.